சம்பந்தியின் ரத்தம்

சம்பந்தியிடம் கிட்னி வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு வம்பும் இல்லை. ரத்தத்தையும் சேர்த்து வாங்கினால் முறை கெட்டுப்போகுமா என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அதில் தொண்டை வறளக் கத்தியவள் நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என் வாயை இன்னும் கொஞ்சம் நீளமாக்கிச் சொல்வார்கள்.

பல்லடம் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. தீவனம் போடுவது, தண்ணீர் காட்டுவது, வெயில் ஏறினால் ஷெட்டைக் குளிர வைப்பது எல்லாவற்றையும் இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. கோழிக்குச் சளி பிடித்தால் அது இருமுகிற சத்தத்தைக் கேட்டே கூரையில் இருக்கும் கருவி எங்கள் செல்போனுக்குச் சேதி அனுப்பிவிடும். அப்படியும் என் வீட்டுக்காரர் நல்லசிவம் காலையில் ஷெட்டுக்குள் ஒரு நடை போய்வந்தால்தான் காபியைத் தொடுவார். கோழியின் இருமலைக் கண்டுபிடிக்கிற வீட்டில், அவருடைய இரண்டு கிட்னியும் கெட்டுப்போனதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கால் வீங்கி, சோறு கசந்து, மூச்சு வாங்கிய பிறகுதான் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதன்பிறகு வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ்தான்.

மாற்றுக் கிட்னி வைத்தாக வேண்டும் என்றார்கள். நான் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை. கொழுந்தனாருக்கு ரத்த அழுத்தம். எங்கள் மகன் வசீகரன் நான் தருகிறேன் என்று நின்றான். கல்யாணம் ஆகப்போகிற பையனிடம் வாங்கிக்கொண்டு நான் உயிரோடு இருக்க வேண்டாம் என்று இவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் மனிதர் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

வசீகரனுக்குப் பொள்ளாச்சியில் பெண் பார்த்து, உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்திருந்தோம். பெண் பெயர் மிருதுளா. அவளுடைய அப்பா தெய்வசிகாமணி, தென்னந்தோப்புக்காரர், வெள்ளை மனது. இவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு வண்டி நிறைய இளநீர் இறக்கிக்கொண்டு வந்து நின்றார். கிட்னி போனவர்கள் இளநீர் குடிக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இறக்கிய குலைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் குடுக்கறதுக்கு வேற என்னங்க இருக்குது? கிட்னிதான் ரெண்டு இருக்குது. ஒண்ணைக் குடுத்தர்றனுங்க" என்றார்.

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். மறுவாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து சோதனைக்குக் கையை நீட்டிவிட்டார். பொருந்தியும் விட்டது. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி வருவார்களா என்று இருந்தது.

டாக்டர் ஷாஹிதாவுக்குச் சின்ன வயதுதான், ஆனால் பொறுமையாகப் பேசுவார். இரண்டு வழி இருக்கிறது என்றார். பழைய வழியில் கிட்னியை மட்டும் வைப்பார்கள். நம் உடம்பில் இருக்கிற எதிர்ப்பு சக்தி, யாரோ அந்நியன் உள்ளே வந்துவிட்டான் என்று புதுக் கிட்னியை அடித்துத் துரத்தப் பார்க்கும். அதை அடக்கி வைக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அடக்கி வைத்த சக்தி உண்மையான கிருமி வரும்போதும் சுருண்டு படுத்திருக்கும், அதுதான் தொல்லை.

பண்ணைக்குப் போகலாமா என்று இவர் கேட்டார். கோழி ஷெட் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர், பழைய வழியில் கிட்னி வைத்துக்கொண்டவர். நன்றாகத்தான் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் கிருமி ஏறி, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"புது வழி ஒண்ணு இருக்குங்க" என்றார் டாக்டர். "கிட்னி குடுக்கறவரோட ஸ்டெம் செல்லையும் எடுத்து இவருக்கு ஏத்துவோம். ஸ்டெம் செல்லுங்கறது ரத்தத்துக்கு விதை மாதிரி. அது இவரோட எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்து, அவரோட ரத்தத்தை இங்கயே உண்டாக்கும். ரெண்டு ரத்தமும் ஒரே வீட்டுல சேர்ந்து வளரும். அப்புறம் புதுக் கிட்னியைப் பார்த்தா, இது நம்ம ஆளுதான்னு விட்டுடும். கொஞ்சம் கொஞ்சமா மாத்திரையை நிறுத்திடலாம்."

"ஷெட்டுக்குப் போலாங்களா?"

"தாராளமாப் போலாம்."

இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நாங்கள் கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இனி இவருடைய ரத்தத்தை எங்கே சோதித்தாலும் இரண்டு ஆள் இருக்கிற மாதிரி காட்டும், அதனால் ஓர் அட்டை தருவோம், அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள் என்றார். கெட்டது இங்கேதான். என் வீட்டுக்காரருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தீவன லாரிக்காரனில் இருந்து டீக்கடை வரைக்கும், இனிமேல் என்ர ஒடம்புல பாதி சம்பந்தி ரத்தமாக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடினோம். அருமைக்காரரும் வந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தி வைக்கிறவர் அவர்தான். பெயர் சென்னியப்பன். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. அதிர்ந்து பேசமாட்டார். அவர் ஒன்று சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

எங்களுக்குள் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை, அதற்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், கல்யாணத்துக்குத் தடையில்லை. எங்கள் கூட்டம் வேறு, தெய்வசிகாமணி அண்ணன் கூட்டம் வேறு. எல்லாம் பார்த்துத்தான் உறுதி செய்திருந்தோம்.

காபி குடித்து முடித்ததும் அருமைக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நல்லசிவம், ஒரு சந்தேகம். உன்ர ஒடம்புல அவிய கூட்டத்து ரத்தம் ஊறப்போகுதுங்கறயே, பொறவு நீங்க ரெண்டு பேரும் பங்காளி ஆயிர மாட்டீங்களா? அப்படீன்னா புள்ளைங்களுக்கு என்ன முறை?"

வசீகரன் சிரித்துவிட்டான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. மிருதுளாவின் பெரியப்பா எழுந்து நின்றுகொண்டார். அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம் செய்யப் பார்க்கிறீர்கள் என்று ஆரம்பித்தவர், பழைய வழியில் கிட்னியை மட்டும் வைத்துக்கொண்டால் கல்யாணம் நடக்கட்டும், ரத்தத்தையும் ஏற்றிக்கொள்வதானால் தன் கூட்டத்தில் ஓர் ஆள் பந்தலில் கால் வைக்க மாட்டான் என்று முடித்தார். கிட்னி என்னுடையது, ரத்தம் என்னுடையது, உனக்கு என்ன வந்தது என்று தெய்வசிகாமணி அண்ணன் மல்லுக்கு நின்றார். நாள் குறிக்க வந்தவர்கள் நாள் குறிக்காமலேயே கலைந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அருமைக்காரர் குடித்த தம்ளரை நசுக்கித் தூக்கிப் போட்டிருப்பேன்.

பிள்ளைகள் இரண்டும் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம் என்றன. ஆனால் மிருதுளா போனில் அழுதாள். பெரியப்பா வீடும் அவர்கள் வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. பெரியப்பாவின் தோளில் வளர்ந்த பெண். இந்தக் கல்யாணத்தோடு அவள் அப்பாவும் பெரியப்பாவும் முகத்தில் முழிக்காமல் போய்விடுவார்களே என்று அழுதாள். வசீகரனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தான்.

இரண்டு நாள் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதையும் ஒளிக்கத் தெரியாத மனிதர் பேசாமல் இருக்கிறார் என்றால் ஏதோ செய்துவிட்டார் என்றுதானே அர்த்தம். டாக்டர் ஷாஹிதாவே எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். ஸ்டெம் செல் வேண்டாம், கிட்னி மட்டும் போதும் என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க?" என்று கத்தினேன்.

"கத்தாத புனிதா. மாத்திரை முழுங்கறது ஒரு கஷ்டமா? பண்ணையை வித்துப்போடலாம். பையன் மூஞ்சியைப் பாத்தயா? எனக்காவ அவன் கல்யாணம் நிக்கோணுமா?"

"பக்கத்துப் பண்ணைக்காரரு மாதிரி நீங்க போயிட்டா?"

"போனாப் போறேன். கல்யாணத்தைப் பாத்துட்டுத்தானே போவேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போனேன்.

டாக்டர் பாவம், எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார். ஸ்டெம் செல் ரத்தத்தைத்தான் மாற்றும், வம்சத்தை மாற்றாது என்றார். உங்கள் மகன் எப்போதோ பிறந்துவிட்டான், இப்போது அப்பாவுக்கு எதை ஏற்றினாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். படித்தவர்களுக்கு அது போதும் டாக்டர், எங்கள் பெரிய மனிதர்களுக்குப் போதாது, அவர்களுக்கு ரத்தம் என்றால் ரத்தம்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரத்தம் கலந்தா உறவு மாறும்னா, புள்ளை பெத்த பொம்பளைங்க எல்லாருக்கும் எப்பவோ மாறியிருக்கணுங்க" என்றார்.

என்ன சொல்கிறீர்கள் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"குழந்தை வயித்துல இருக்கறப்ப அதோட செல் கொஞ்சம் அம்மா ரத்தத்துல வந்து கலந்துடும். பிரசவத்தோட எல்லாமே போயிடறதில்ல. பல வருஷம் கழிச்சும் அம்மா உடம்புல இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தச் செல்லுல பாதி யாரோடது? குழந்தையோட அப்பாவோடது."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மறுபடியும் வரச்சொன்னேன். பொம்பளை கூப்பிட்டுப் போவதா என்று பெண்ணின் பெரியப்பா இழுத்தாராம், அவர் சம்சாரமே கிளப்பிக் கூட்டிவந்துவிட்டாள். அருமைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றேன்.

"மாமா, எங்கப்பன் வீட்டுக் கூட்டம் வேற, இந்த வீட்டுக் கூட்டம் வேற. சரிங்களா?"

"சரி அம்மிணி."

"இந்த வீட்டுக்கு வந்து ஒரு புள்ளை பெத்தேன். அந்தப் புள்ளையோட ரத்தம் என்ர ஒடம்புல கலந்து இன்னமும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. அதுல பாதி இவரு ரத்தம். அப்ப இந்தக் கூட்டத்து ரத்தம் என்ர ஒடம்புல ஓடுது. ரத்தம் கலந்தாப் பங்காளின்னா, நானும் இவரும் யாருங்க? அண்ணன் தங்கச்சியா?"

அதோடு நான் விடுவேனா? பெண்ணின் பெரியப்பாவைப் பார்த்து, அண்ணா, அண்ணி மூணு பெத்திருக்காங்களே, அப்ப அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். சமையல்கட்டு வாசலில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அந்த அண்ணியே சத்தமாகச் சிரித்தாள். இன்னொன்றும் கேட்டேன். தெய்வசிகாமணி அண்ணனை இத்தனை நாள் அண்ணா என்று கூப்பிட்டேன், அவர் இவருக்குப் பங்காளி ஆகிவிட்டால் நாளையில் இருந்து கொழுந்தனாரே என்று கூப்பிட வேண்டுமா? அந்த மனுசன் எங்களுக்கு உசுரைக் குடுக்க வந்தாரு, அவருக்கு முறை சொல்லியா நம்ம அடிச்சுக்கறது என்றும் கேட்டேன்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். கோபமா என்று நினைத்தேன், அப்படித் தெரியவில்லை. ஏதோ வாயெடுத்தவர் அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"முறை கெடலீங்க. நாளைக் குறிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். இவருடைய மஜ்ஜையில் இடம் உண்டாக்குவதற்காக ஏதோ மருந்து கொடுத்தபோது மட்டும் துவண்டு போனார். கிட்னி உட்கார்ந்தது, விதையும் முளைத்தது. இரண்டு ரத்தமும் சண்டையில்லாமல் இருக்கின்றன என்று டாக்டர் திரையில் காட்டினார், இவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தலையைத் தலையை ஆட்டினார். மாத்திரை குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றே போனது. கல்யாணத்தை அருமைக்காரர்தான் நடத்தி வைத்தார், பெரியப்பா முதல் ஆளாகப் பந்தலில் நின்று விருந்தாளிகளைக் கூப்பிட்டார். இவர் இப்போது காலையில் ஷெட்டுக்குப் போய்வந்து காபி குடிக்கிறார். சம்பந்திகள் இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தால் எனக்குத்தான் காது வலிக்கிறது.

போன வாரம் ஒரு காலை நேரம். இவர் ஷெட்டில் இருந்தார். வாசலில் ஒரு கார் வந்து நின்றது, தானாக ஓடுகிற புது மாதிரிக் கார். அருமைக்காரர் இறங்கி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அம்மிணி, அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னீங்களே, புள்ளை பெத்தா புருசன் ரத்தம் கலக்கும்னு. அது டாக்டரம்மா நெசமாலுமே சொன்னதுங்களா? இல்ல பேச்சுல ஜெயிக்கோணும்னு நீங்களாச் சொன்னதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரா மனிதர் என்று நினைத்துக்கொண்டே, சத்தியமாக டாக்டர் சொன்னதுதான் மாமா, வேண்டுமானால் இப்போதே போன் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"உங்கத்தைக்கும் கிட்னி போயிருச்சு அம்மிணி. ஈரோட்டுல டயாலிசிஸ் பண்ணீட்டு இருக்கறம், ஊருல யாருக்கும் தெரியாது. என்ரது அவளுக்குப் பொருந்துதுன்னாங்க. அவ வயசுக்கு மாத்திரை தாங்காது, ஸ்டெம் செல்லும் சேத்து வெச்சாத்தான் ஆகும்னாங்க. என்ர ரத்தம் அவளுக்குள்ள ஊறுனா எனக்கு அவ யாருன்னு ஒரே ரோசனை. தாலி கட்டுனவ தங்கச்சி ஆயிருவாளோன்னு. டாக்டரைக் கேட்டாச் சிரிப்பாங்க. ஊருக்கே முறை சொல்றவன் இதை யாருகிட்டப் போயிக் கேக்கறது? அதுதான் உங்க ஊட்டு வெசயத்தை வெச்சுக் கேட்டுப்போட்டேன். வம்பாயிருச்சு."

அன்றைக்கு அந்த மனிதரை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. அத்தை எங்கே என்று கேட்டேன். கார்ல உக்காந்திருக்கா என்றார்.

ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தேன். மயிலாத்தாள் அத்தை பாதி உடம்பாக ஆகியிருந்தார். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் புடைத்திருந்தது. என்ன அத்தை இது, எங்களிடமாவது சொல்லக் கூடாதா என்றேன்.

"நான் மொதல்லயே சரின்னுட்டேன் கண்ணு" என்றார் அத்தை. "தங்கச்சியோ அக்காவோ, என்னவோ ஆயிட்டுப் போறேன், உசுரோட ஒங்களுக்குச் சோறாக்கிப் போட்டாச் சரின்னு சொன்னேன். மனுசன் கேக்கோணுமே. நீ எனக்குப் பொண்டாட்டியாத்தான் இருக்கோணும்னு ஒரே அழுகை."

அருமைக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கேட்டீங்களா?" என்றார் அத்தை அவரைப் பார்த்து. "என்ன சொல்லுச்சு புள்ளை?"

ஊருக்கெல்லாம் முறை சொல்கிறவர் குனிந்து அத்தையின் கையைப் பிடித்து இறக்கினார். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் யாரும் மற்றவர் பார்க்கப் பொண்டாட்டி கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஷெட்டில் இருந்து வந்துகொண்டிருந்த இவரும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அருமைக்காரர் கையை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி வீட்டுக்குள் வந்தார்கள், நான் டாக்டருக்குப் போன் போட்டேன்.